பேட்டரியைக் குறை சொல்லும் முன்: பழைய காரின் சார்ஜிங் கோளாறை வீட்டிலேயே கண்டறிவது எப்படி?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் ஆள் இருக்கும் நாள் குறைவு. கார் ஓடும் நாள் அதைவிடக் குறைவு. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்துக் கொட்டகைகளில் நிற்கும் அம்பாசடரும் பத்மினியும், பிள்ளையார் நோன்புக்கோ முன்னோர்களுக்கான படைப்புக்கோ ஒரு கல்யாணத்துக்கோ பங்காளிகள் வந்து இறங்கும்போதுதான் வெளியே எடுக்கப்படுகின்றன. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்கும். நான்கு பேர் கூடித் தள்ளிக் கிளப்பிய பிறகு, வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே ஒருவர் "பேட்டரி போச்சு" என்பார், மற்றவர்களும் தலையாட்டுவார்கள். அன்றைக்கே புதிய பேட்டரி வாங்கப்படும். சில வாரங்களில் அதுவும் படுத்துவிடும்.

பேட்டரி போயிருக்கலாம், ஆனால் அது மூன்று சாத்தியங்களில் ஒன்று மட்டுமே. எங்கள் பக்கத்து ஊருணியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஊருணி வறண்டிருந்தால், கரை உடைந்து தண்ணீரைத் தேக்கிவைக்க முடியாமல் போயிருக்கலாம். மழையே பெய்யாமலோ, வரத்துக்கால் தூர்ந்து பெய்த மழை வந்து சேராமலோ போயிருக்கலாம். அல்லது யாரும் பார்க்காத நேரத்தில் யாரோ இறைத்துக்கொண்டிருக்கலாம். காரில் ஊருணி பேட்டரி. மழை என்பது எஞ்சினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் அல்லது டைனமோ. வரத்துக்கால் அதிலிருந்து பேட்டரிக்கு வரும் வயர். திருட்டு இறைப்பு, சாவியை எடுத்த பிறகும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு விளக்கு அல்லது பழுதான வயர். கார் ஓடாததற்கு இவற்றில் எது காரணம் என்பதை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வோல்ட்டை அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டு வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். பழுது பார்ப்பது பிறகு வேறொருவர் வேலையாக இருக்கலாம். கண்டுபிடிப்பது நம் வேலையாக இருப்பது நல்லது.

மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கும் ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தை உள்ளூரில் 'சிக்ரி' என்றுதான் சொல்கிறோம். பேட்டரியும் உலோக அரிப்பும் அங்கே ஆராயப்படும் துறைகள். பழைய காரின் சார்ஜிங் கோளாறுகளில் பெரும்பாலானவையும் இந்த இரண்டுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும் பொருத்தம்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாந்தே செய்துகாட்டிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படைதான் இன்றும் காரில் இருப்பது. ஈயத் தகடும் ஈய டை-ஆக்சைடு தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும் ஓர் அறை, ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். அதைத்தான் 'செல்' என்கிறோம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், முழுதாக நிறைந்து ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். மின்சாரத்தை எடுக்க எடுக்க, அமிலத்தில் உள்ள சல்ஃபேட் தகடுகளில் படிந்து அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் செய்யும்போது அது திரும்ப அமிலத்துக்கு வரும். காலியான நிலையில் மாதக்கணக்காக விட்டுவிட்டால், படிந்த சல்ஃபேட் கெட்டித்துத் திரும்பி வர மறுத்துவிடும். ஓடாமல் நிற்கும் கார்களின் பேட்டரி சாவதற்கு இதுவே முதற்காரணம். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொது விதி. சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பேட்டரி, எதுவும் இணைக்கப்படாமலேயே எவ்வளவு விரைவாகத் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் என்பதை இதைக்கொண்டு ஊகிக்கலாம்.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அருகில் பீடி, தீக்குச்சி, பொறி எதுவும் கூடாது. கைவிரல் மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிட வேண்டும். பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் இடையில் தங்கம் மாட்டினால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். கேபிளைக் கழற்றும்போது, பாடியோடு இணைந்திருக்கும் எர்த் கேபிளை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பெரும்பாலான கார்களில் அது நெகட்டிவ். 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதால், மிகப் பழைய கார் வைத்திருப்பவர்கள் கேபிள் எங்கே போகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

முதல் அளவு: ஓய்வில் இருக்கும் பேட்டரி

மல்டிமீட்டரை நேர்மின்சார (DC) 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் தொடவேண்டும். கேபிளின் கிளாம்பில் தொடாமல், ஈயத்தாலான முனையிலேயே தொடுவது முக்கியம். ஏன் என்பது பின்னால் தெரியும். கார் ஓடி நின்ற உடனே அளந்தால், தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் தேங்கியிருக்கும் சார்ஜ் நம்மை ஏமாற்றும். இரவு நிறுத்திய காரைக் காலையில் அளப்பதே சரி. 12.6 என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால், 11.8க்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமில்லை. வெறும் அரை வோல்ட்டுக்குள் பாதிக்கு மேற்பட்ட கொள்ளளவு அடங்கியிருப்பதால், "பன்னிரண்டு காட்டுதே, அப்புறம் என்ன" என்று சொல்லிவிட முடியாது.

அளவு குறைவாக இருந்தால் பேட்டரியை உடனே பழிக்கக் கூடாது. அது காலியாக இருக்கிறது என்பது மட்டுமே இப்போது தெரியும். வெளி சார்ஜரில் போட்டு மெதுவாக நிரப்பி, ஓர் இரவு விட்டு, மீண்டும் அளக்க வேண்டும். கேபிள் எதுவும் இணைக்காமலேயே 12.6 என்பது மறுநாள் 12.1 ஆகிவிட்டால், அப்போது பேட்டரியைக் குறை சொல்லலாம். செல்களுக்குத் திறக்கும் மூடிகள் உள்ள பழைய வகைப் பேட்டரியானால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும்: நிறைந்த செல்லில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.26 முதல் 1.28 வரை இருக்கும். ஐந்து செல்கள் 1.26 காட்டி ஒன்று மட்டும் 1.15இல் நின்றால், அந்த 'செல் போய்விட்டது'. அதைச் சரிசெய்ய வழியில்லை. அமில மட்டம் தகட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், கடையில் பேட்டரித் தண்ணீர் என்று விற்கப்படும் டிஸ்டில்டு வாட்டரை மட்டுமே ஊற்ற வேண்டும். வளவின் நடு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைநீர் குடிக்க அமிர்தம்தான். ஆனால் ஓட்டின் தூசியும் சுண்ணாம்பும் கரைந்த அதைப் பேட்டரியில் ஊற்றுவதற்கில்லை.

பிறகு ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டார் சுழலும்போது அளவு 10 வோல்ட்டை ஒட்டி நின்றால் நல்லது, 9.6க்குக் கீழே சரிந்தால், நிறைந்ததாகக் காட்டிய பேட்டரிக்கும் வலு இல்லை என்று பொருள். சரியாமல் 12.4இலேயே நின்று, 'டிக்' ஓசை மட்டும் கேட்டால், மின்சாரம் பேட்டரியை விட்டு வெளியேறவே இல்லை. அப்போது முனைகளைப் பார்க்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாக 'பூத்திருக்கும்' முனையில், வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். அந்த நீர் செல்லுக்குள் இறங்காதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். துடைத்து, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, கிளாம்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவிவிட்டால் போதும். இந்த வேலையோடு தேடல் முடிந்துவிடும் கார்கள் நிறைய உண்டு.

இரண்டாவது அளவு: எஞ்சின் ஓடும்போது

எஞ்சினை ஓடவிட்டு, சற்றே ஆக்சிலரேட்டர் கொடுத்து, அதே ஈய முனைகளில் மீண்டும் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. எஞ்சின் நின்றிருந்தபோது காட்டிய அதே 12.4 அல்லது அதைவிடக் குறைவாகக் காட்டினால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் அதுவும் நோய்தான்: வோல்ட்டைக் கட்டுப்படுத்த வேண்டிய ரெகுலேட்டர் தவறி, பேட்டரி கொதித்து, தண்ணீர் விரைவாக வற்றி, அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடிக்கடி போகும்.

இங்கே உங்கள் காரில் இருப்பது டைனமோவா ஆல்டர்னேட்டரா என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய அம்பாசடர்களிலும் பத்மினிகளிலும் நீண்ட உருளை வடிவில் இருப்பது டைனமோ. பிற்காலக் கார்களிலும் மாருதி 800இலும் குட்டையாக, காற்றுத் துளைகளோடு இருப்பது ஆல்டர்னேட்டர். டைனமோ, தன்னோடு சுழலும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரையும் அதன்மேல் உரசும் கார்பனையும் கொண்டு நேர்மின்சாரத்தையே தருகிறது. ஆனால் ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அதனால் பேட்டரியை வெல்ல முடியாது. ஆகவே, டைனமோ காரில் ஐடிலின்போது சிவப்பு விளக்கு மினுக்குவதும் மீட்டர் 12.3 காட்டுவதும் கோளாறு அல்ல. வேகத்தைக் கூட்டிய பிறகு, டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் சுவிட்சான கட்-அவுட் இணைந்து அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இது தெரியாமல் நல்ல டைனமோவைக் கழற்றி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். ஆல்டர்னேட்டர் மாறுமின்சாரத்தை உண்டாக்கி, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும், உள்ளிருக்கும் டையோடுகளால் அதை நேர்மின்சாரமாக்குவது. ஐடிலிலேயே சார்ஜ் செய்யும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஆல்டர்னேட்டர் உள்ள காரில், எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழைய 'சோதனை' கூடவே கூடாது. தாங்கிப் பிடிக்கப் பேட்டரி இல்லாத நொடியில் வோல்ட் எகிறி, டையோடுகளையும் ரெகுலேட்டரையும் பொசுக்கிவிடும்.

சார்ஜ் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, எஞ்சினின் சுழற்சியை ஆல்டர்னேட்டருக்கோ டைனமோவுக்கோ கொண்டுசெல்லும் பெல்ட். எஞ்சினை நிறுத்தி, நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், ஏறக்குறைய அரை அங்குலம் இறங்க வேண்டும். அதிகம் இறங்கினாலோ, பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, அது வழுக்குகிறது. ஹெட்லைட்டைப் போட்டதும் கீச்சிடும் ஓசை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது அந்தச் சிவப்பு விளக்கு. இதன் வேலையைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி நோய் தெரிந்துவிடும். விளக்கின் ஒரு பக்கம் சாவி வழியாகப் பேட்டரியோடும், மறுபக்கம் ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கிறது. சாவியைப் போட்டதும் ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் ஒன்றுமில்லை. எனவே மின்சாரம் பாய்ந்து விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் விழித்ததும் இரு பக்கமும் சமமாகிவிடுவதால், பாய்ச்சல் நின்று விளக்கு அணைகிறது. அதாவது, அந்த விளக்கு ஒரு தராசு முள். அதோடு, ஆரம்பத்தில் அதன் வழியாகப் பாயும் சிறிதளவு மின்சாரம்தான் பல ஆல்டர்னேட்டர்களின் காந்தத்தை எழுப்பிவிடுகிறது. ஆகவே சாவியைப் போட்டதும் விளக்கு எரியவே இல்லையென்றால், ஆல்டர்னேட்டரைத் தொடும் முன் அந்தப் பல்பை மாற்றிப் பார்க்க வேண்டும். சில ரூபாய்ப் பல்பு போனதால் சார்ஜ் ஆகாமல் நிற்கும் கார்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போதும் பிரகாசமாக எரிந்தால் ஆல்டர்னேட்டர் எதையும் தரவில்லை. பெரும்பாலும் உள்ளே கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர் போயிருக்கும். மங்கலாக எரிந்தால் தராசு சற்றே சாய்ந்திருக்கிறது: ஒன்று டையோடு பழுது, மற்றொன்று வழியில் இழப்பு.

வழியில் தொலையும் வோல்ட்

எங்கள் வீட்டுப் பத்மினியில் இந்த மங்கலான சிவப்பு இரவில் மட்டும் தெரிந்தது. பகலில் பார்த்தால் விளக்கு அணைந்திருப்பதாகவே தோன்றும். திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக்குப் போய்வரும் இரவுகளுக்கு மறுநாள் வண்டி தள்ளாமல் கிளம்பாது. இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. ஒரு கடையில் ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னார்கள். பிறகு மீட்டரை எடுத்து அளந்தபோது, ஹெட்லைட் இல்லாமல் பேட்டரியில் 13.4 காட்டியது. குறைவுதான், ஆனால் பயமுறுத்தும் குறைவல்ல. ஹெட்லைட்டைப் போட்டதும் 12.3க்கு விழுந்தது. அதே நேரத்தில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்துத் தடித்த முனையில் தொட்டுப் பார்த்தால் 14.2. மழை பெய்துகொண்டுதான் இருந்தது, 1.9 வோல்ட் வரத்துக்காலில் தொலைந்துகொண்டிருந்தது.

இப்படி இழப்பை நேராகவே அளக்கலாம். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலும் மற்றதைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையிலும் வைத்தால், இடையில் தொலைவது எவ்வளவு என்று மீட்டரே காட்டும். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதேபோல ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையில் 0.2க்குள் இருக்க வேண்டும். கூடினால் எர்த் சரியில்லை. கிளாம்பில் தொடாமல் ஈயத்திலேயே தொடச் சொன்னது இதற்காகத்தான்: கிளாம்புக்கும் ஈயத்துக்கும் இடையிலான இழப்பும் கணக்கில் வந்துவிடும்.

எங்கள் காரில் எவரோ ஒருகாலத்தில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தியிருந்தார்கள். ஆனால் டைனமோ காலத்து மெல்லிய வயரையே விட்டுவிட்டார்கள். வயரின் முனையில் இருந்த லக்கைத் தொட்டால் கை சுட்டது. 1.9 வோல்ட் இழப்பையும் ஏறக்குறைய 15 ஆம்பியர் ஓட்டத்தையும் பெருக்கினால் 28 வாட். அதாவது ஒரு சிறிய பற்றவைக்கும் கோலின் சூடு, அந்த ஒரு மூட்டில். மேலுறையைக் கீறிப் பார்த்தபோது செம்பு இழைகள் பெரும்பாலும் பச்சையாகப் பொடிந்து கிடந்தன. நாலைந்து இழைகள்தான் லக்கைப் பிடித்திருந்தன. எட்டிப் பார்த்த வயதான எலக்ட்ரீஷியன், "தம்பி, இதுக்குப் போயா ரெண்டு பேட்டரி வாங்குனீங்க?" என்றார். தடித்த புது வயர் போட்ட பிறகு, ஹெட்லைட் எரியும்போதும் பேட்டரியில் 14.0 நின்றது, சிவப்பு மங்கலும் மறைந்தது.

டைனமோ கார்களுக்கு வேறொரு சோதனை உண்டு. டைனமோவில் 'டி', 'எஃப்' என இரண்டு முனைகள் இருக்கும். இரண்டு வயர்களையும் கழற்றி, அந்த இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, மீட்டரை அதற்கும் டைனமோவின் உடலுக்கும் இடையில் வைத்து, எஞ்சினை மெல்ல வேகமூட்ட வேண்டும். அளவு தயங்காமல் ஏறினால் டைனமோ நலம். கோளாறு கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் உள்ள கன்ட்ரோல் பாக்ஸில் அல்லது வயரில். 20 வோல்ட்டைத் தாண்ட விடாமல் உடனே நிறுத்திவிட வேண்டும். ஏறவே இல்லையென்றால், முதலில் கார்பனைப் பார்க்க வேண்டும். அது கட்டையாகத் தேய்ந்திருக்கலாம், அல்லது அதன் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கலாம். உள்ளே சுழலும் கம்பிச் சுருளான ஆர்மேச்சர் எரிந்திருந்தால் ரீவைண்டிங் கடைதான்.

திருட்டு இறைப்பு

பேட்டரியும் நலம், சார்ஜும் ஆகிறது, ஆனாலும் நான்கு நாள் நின்றால் கிளம்பவில்லை என்றால் கசிவைத் தேட வேண்டும். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு டெஸ்ட் பல்பை வைக்க வேண்டும். பழைய காரில் அது எரியக் கூடாது. கடிகாரம் இருந்தாலும் பல்பைச் சிவக்கவைக்கும் அளவுக்கு அது எடுக்காது. எரிந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எதை எடுத்ததும் அணைகிறதோ, அந்தச் சுற்றில்தான் கசிவு. எல்லா ஃப்யூஸையும் எடுத்தும் எரிந்தால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஷார்ட் ஆன டையோடு வழியாகப் பேட்டரி பின்னோக்கி வடிவதுண்டு. டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு ஒன்று 0.4 ஆம்பியர் எடுக்கும். நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தாம் நாள் காலையில் வெறுமையாகிவிடும். கொட்டகையில் நின்ற காரில் எலியும் அணிலும் வயரைக் கடித்துச் செம்பைப் பாடியில் படவிடுவதும் வழக்கம். பானெட்டுக்குள் வைக்கோலோ எச்சமோ தெரிந்தால், டார்ச் அடித்து வயர்களை முதலிலேயே பார்த்துவிடலாம்.

கண்டுபிடித்ததை எலக்ட்ரீஷியனிடம் எண்ணாகவே சொல்ல வேண்டும்: "ஓய்வில் 12.5, ஓடும்போது பேட்டரியில் 12.3, ஆல்டர்னேட்டரில் 14.2." இப்படிச் சொல்பவரிடம் பேட்டரி விற்பது யாருக்கும் கடினம்.

விசேஷம் முடிந்து சென்னைக்குத் திரும்பும் நாளில், பேட்டரியை நிறையச் சார்ஜ் செய்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனையில் படாதபடி ஒரு துணியைச் சுற்றி ஓரமாகச் செருகிவைக்கிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மாதம் ஒருமுறை சார்ஜரில் மாட்டி எடுக்கிறார். கேபிளைக் கழற்றியதில் டேஷ்போர்டு கடிகாரம் நின்றுவிடுகிறது. அடுத்த நோன்புக்கு வந்ததும் நேரம் வைத்துக்கொள்கிறோம்.